பரணுக்குப் பின்னால்

வள்ளி ஏறும் பரணை நான்தான் கட்டுகிறேன். உத்தமபாளையத்தை அடுத்த எங்கள் ஊரில் கோயில் திருவிழாவின் கடைசி இரவில் 'வள்ளி திருமணம்' நாடகம் நடக்கும். மேடை, பந்தல், சீன் எல்லாம் அப்பாவின் தொழில். மூட்டு தேய்ந்து அவரால் ஏணி ஏற முடியாமல் போனதும் என் கைக்கு வந்தது. அண்ணன் திருப்பூருக்குப் போய்விட்டான், அதனால்தான் மகள் செய்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். 12 வயதிலிருந்து அப்பாவுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்தவள் நான் என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சவுக்குக் கம்பு நட்டு, குறுக்கே கட்டை கட்டி, அதன்மேல் பலகை பரப்பினால் மேடை. 4 அடி உயரம், 24 அடி அகலம். மேலே மூங்கிலில் தெரு, தர்பார், காடு என்று வரைந்த படுதாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கும். பக்கத்திலிருந்து கயிற்றை இழுத்தால் தெரு சுருண்டு மேலே போய் காடு தெரியும். ஆர்மோனியம், மிருதங்கக்காரர்கள் உட்கார ஒரு ஓரத்தில் இடம் விட வேண்டும்.

கடைசியாகப் பரண். தினைப்புனம் காக்கும் வள்ளி அதன்மேல் நின்று ஆலோலம் பாடிக் கவண் வீசுவாள். மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்து பழகிய ஊர் இது. பொம்மைப் பரண் கட்டினால் முன்வரிசையிலேயே சிரித்துவிடுவார்கள். 4 கால், பக்கத்துக்கு 2 குறுக்குக் கம்பு, முடிச்சு எல்லாம் நனைத்த கயிற்றில். கட்டி முடித்ததும் நானே ஏறி 3 தடவை குதித்துப் பார்ப்பேன். பரண் ஆடினால் பாடுகிறவளுக்குக் குரல் ஆடும்.

இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் பிறந்து 1922இல் மறைந்தவர். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, தேனிப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்னும் அவருடைய நாடகங்கள்தான். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய கம்பெனி பையன்களுக்கானது. பெண் வேடத்தையும் பையன்களே கட்டினார்கள். அதற்கும் முன்பே கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தியிருக்கிறார். மேடைக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்பதை அங்கே ஒரு பெண்தான் முடிவு செய்திருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இப்போது நடப்பது ஸ்பெஷல் நாடகம். இதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்த்ரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூன் வேறெங்கிருந்தோ. தனித்தனியாகப் பேசி, நோட்டீஸில் பெயர் போட்டு, அன்று இரவு மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். பாட்டும் கதையும் மனப்பாடம் என்பதால் 10 மணிக்குத் தொடங்கி விடியும்வரை சிக்கலில்லாமல் ஓடும். ஆனால் கம்பெனி இல்லையென்றால், வருகிற பெண் எங்கே உடுத்துவாள், எங்கே ஒதுங்குவாள் என்று கேட்க ஒரு மேனேஜரும் இல்லை. மேடை கட்டுகிறவர் என்ன கட்டிவைக்கிறாரோ அதுதான் அவளுக்கு இடம்.

இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நடிகைதான் காட்டிக்கொடுத்தாள்.

நான் தனியாக மேடை கட்டத் தொடங்கி மூன்றாவது வருஷம். இரவு 9 மணிக்குத் தகரப்பெட்டியோடு வந்து, "அக்கா, உடுத்துற இடம் எது?" என்றாள். காட்டு சீனுக்குப் பின்னால் கையைக் காட்டினேன். இரண்டு பக்கமும் திறந்துகிடந்தது. பொடியன்கள் ஏற்கெனவே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், "ரெண்டு கீத்து இருந்தா சாத்திக் குடுங்கக்கா. எனக்கு இன்னைக்கு ரெண்டாம் நாள்" என்றாள்.

கீற்று இருந்தது. ஆளும் இருந்தது. "கமிட்டியில கேளும்மா. எனக்கு மேடைக்குத்தான் காசு பேசியிருக்கு" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கருவேலம் புதர்ப் பக்கம் போனாள். ஒரு மணிக்குப் பரண் ஏறினாள். மேடைக்கடியில் உட்கார்ந்து முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட அசையவில்லை. ஊரே மெய்மறந்து கேட்டது. எனக்குப் பாட்டு காதில் ஏறவில்லை.

அன்று காலையில்தான் கமிட்டிப் பெரியவர் என்னிடம், "நாள் பாத்துத்தான வந்த, தாயி? சாமி மேடை" என்று கேட்டிருந்தார். வருஷா வருஷம் கேட்பார். "ஆமா தாத்தா" என்பேன். பல வருஷம் அது பொய். நான் மறைத்துக்கொண்டு கட்டிய மேடையில் அவளும் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளுக்கு இரண்டு கீற்று கொடுக்க எனக்குத்தான் முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் ஒரு நடிகையை வீட்டுக்குள் கூட்டிவந்து உடுத்தச் சொன்னாளாம். "அவ தண்ணி குடிச்ச செம்ப உங்க அப்பத்தா புளி போட்டு மூணு தடவ வெளக்குனா. அதுக்கப்புறம் நான் யாரையும் கூப்பிடல" என்றாள்.

சூசன் சைசர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் மதுரையில் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி, 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். நடிகைகள் வழியிலும் மேடைக்குப் பின்னாலும் தங்களைச் சுற்றி ஒரு மறைவை எப்படி உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்று அதில் விரிவாகப் பேசுகிறார். ஆராய்ச்சிக்கு அது அவர்களுடைய சாமர்த்தியம். என் தொழிலுக்கு அது நான் கட்டாமல் விட்ட சுவர்.

அடுத்த வருஷம் எஸ்டிமேட்டில் ஒரு வரி சேர்த்தேன்: 8 அடிக்கு 8 அடி மறைப்பு, உள்தாழ்ப்பாளோடு கதவு, ஒரு பல்பு, கண்ணாடி மாட்ட ஆணி, ஒதுங்கத் தனியாக ஒரு தடுப்பு, ஒரு டிரம் தண்ணீர். "ஒரு ராத்திரி ஆடிட்டுப் போறவளுக்கு ரூமு எதுக்கு?" என்றார்கள். "பரண் வேணும்னா இதுவும் சேத்துத்தான்" என்றேன். வெளியூர் ஆளைக் கேட்டுப் பார்த்தார்கள். அவர் கூடுதலாகக் கேட்கவே என்னிடமே திரும்பி வந்தார்கள். பாதிப் பணம்தான் கொடுத்தார்கள். அந்த வருஷமே யாரோ கீற்றில் ஓட்டை போட்டுவிட்டார்கள். அதற்கடுத்த வருஷத்திலிருந்து தகரம் அடிக்கிறேன்.

அந்த நடிகை எங்கள் ஊருக்கு மறுபடி வரவில்லை. வேறு வேறு ஆட்கள் வருகிறார்கள். பெட்டியோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிறார்கள். யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. சொல்ல வேண்டியதுமில்லை. பலகைக்கும் பரணுக்கும் யாரும் நன்றி சொல்வதில்லையே.

கமிட்டி நோட்டில் அந்தச் செலவு இன்னும் 'இதர வகை' என்றுதான் இருக்கிறது. இந்த வருஷம் 'நடிகை அறை' என்று எழுதச் சொல்லப்போகிறேன். பெரியவர் நாள் பார்த்து வந்தாயா என்று கேட்டால், அதற்கும் இந்த முறை உண்மையையே சொல்லலாம் என்றிருக்கிறேன்.