பார்க்க வந்த ரொட்டி

எங்க தேவாரத்துல யாருக்காவது உடம்புக்கு முடியலன்னா, பார்க்க வர்றவங்க கையில ரொட்டி பாக்கெட்தான் இருக்கும். மதுரையில இரைப்பையைச் சின்னதாக்குற ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசத்துல அக்காவும் வாங்கிட்டு வந்துச்சு. மனசு நோகக்கூடாதேன்னு ஒரு துண்டு தின்னேன். மெத்துன்னு இருக்குற ரொட்டி எச்சில் பட்டதும் மாவு உருண்டையாகி நெஞ்சுலயே நின்னுருச்சு. வாந்தி எடுத்த பிறகுதான் மூச்சே வந்துச்சு. அக்கா அழுதுருச்சு.

இப்ப முதல்ல அவிச்ச முட்டை, இல்லன்னா கொழைய வேகவச்ச பாசிப்பயறு. சதை கரையாம இருக்க புரதம்தான் முன்னாடி போகணுமாம். எடம் இருந்தா ரெண்டு கரண்டி கேப்பைக்கூழ். தண்ணி அரைமணி நேரம் கழிச்சுத்தான். ரொம்ப ஆசை வந்தா, கல்லுல மொறுமொறுன்னு வாட்டின ரொட்டியில கால் துண்டு, நல்லா மென்னு. (பரோட்டா பக்கமே போறதில்ல.)

நேத்து அக்கா வந்துச்சு. பையில நாட்டுக்கோழி முட்டை ஆறு. அடியில ஒரு ரொட்டி பாக்கெட். "இது பிள்ளைகளுக்குடா"ன்னுச்சு.