பாஃபோஸ் நீலம்

சைப்ரஸ் தீவின் லிமசோல் துறைமுக நகரில், கப்பல் நிர்வாக அலுவலகமொன்றில் என் மகன் பணியாற்றி வந்தான். 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் நானும் என் மனைவியும் அவனிடம் சென்று மூன்று வாரம் தங்கியிருந்தோம். லார்னகா உப்பேரிக் கரையில் உம்மு ஹராம் (ரலி) அவர்களின் அடக்கத்தலத்தில் ஸலாம் கூறித் திரும்பிய அன்று, "இனி எதைப் பார்க்க வேண்டும், வாப்பா?" என்று மகன் கேட்டான்.

"பாஃபோஸ் நீலம்" என்றேன். அவன் விழித்தான்.

அது ஒரு வண்ணத்துப்பூச்சி. விரித்த சிறகோடு ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே இருக்கும். உலகில் சைப்ரஸ் தவிர வேறெங்கும் அது இல்லை. 1920இல்தான் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினர். மகனின் அலுவலக நண்பர்களில் ஒருவருமே அதன் பெயரைக் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை துரோதோஸ் மலைக்குப் புறப்பட்டோம். நம் நாட்டைப் போலவே அங்கும் வாகனங்கள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. பைன் மரங்களினூடே ஏறி, மஞ்சட்பூ பூத்த முட்புதர்கள் நிறைந்த சரிவொன்றில் இறங்கினோம். அச்செடியை உண்டுதான் இதன் புழுக்கள் வளர்கின்றன. ஆதலால் அங்கேயே காத்திருந்தோம்.

சற்று நேரத்தில் நீலப்பொறி ஒன்று பறந்தது. ஆனால், அமரும்போதெல்லாம் சிறகை மூடிக்கொண்டது. கண்ணைக் கவர்ந்த நீலம் மறைந்து, சாம்பல் நிற அடிப்புறமே படத்தில் விழுந்தது. இரண்டு மணி நேரம் கழிந்தது.

மகன் பொறுமையிழந்தான். "தொப்பியால் பிடித்துக் குளிர்பெட்டியில் சிறிது நேரம் வைப்போம். மரத்துப்போய் அசையாமல் இருக்கும். படமெடுத்ததும் விட்டுவிடலாம்" என்றான்.

அவன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. முப்பது ஆண்டுகள் விலங்கியல் ஆசிரியனாக இருந்தவன் நான். மாணவரைக் கொண்டு எத்தனையோ வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்து, குண்டூசி குத்திக் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கியவன். அந்தப் பெட்டிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவன். அன்று நான் கற்பித்ததைத்தான் இன்று எனக்கே கூறினான்.

"வேண்டாம்" என்றேன். "அதன் சிறகிலுள்ள தூள் வெறும் தூளன்று, நுண்ணிய செதில்கள். அந்த நீலமும் சாயமன்று. செதில்களின் நுட்பமான அமைப்பில் ஒளி பட்டுச் சிதறித் தோன்றும் நிறம் அது. விரல் பட்டால் செதில் உதிரும். உதிர்ந்தது மீண்டும் முளைப்பதில்லை."

அப்போது பாறைமீது அமர்ந்திருந்த என் மனைவி மெல்ல அழைத்தாள். அவள் முழங்காலருகே இருந்த புதரில் பழுப்பு நிறப் பூச்சியொன்று வயிற்றை வளைத்துக்கொண்டிருந்தது. அதே இனத்தின் பெண்! முட்டையிடுகிறது! மூவரும் மூச்சடக்கி நின்றோம். மகன் தொப்பியைத் தன் முதுகுப்புறம் மறைத்துக்கொண்டான்.

நீலச் சிறகு விரிந்த படம் எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆயினும், வீடு வந்து நூலோடு ஒப்பிட்டபோது, நான் வெறுத்த அந்தச் சாம்பல் அடிப்புறமே சான்றாக அமைந்தது. அத்தீவிலும் பரவலாகக் காணப்படும் சாதாரண நீலப்பூச்சிக்கு அடிச்சிறகின் ஓரத்தில் செம்மஞ்சள் பிறைகள் உண்டு, இதற்கு இல்லை. வெண்வளையமிட்ட கரும்புள்ளிகள் மட்டுமே.

இன்று அப்படம் காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. குண்டூசி குத்திய பெட்டிகளின் அருகில் அதை மாட்ட எனக்கு மனம் வரவில்லை.