வாயைத் திறக்காத பையன்

இந்த வருசம் மஞ்சளுக்கு ரெண்டாம் களை எடுக்கறப்ப நான் தோட்டத்துல இல்லீங்க. நானும் வீட்டுக்காரியும் எங்க சின்னவனும் மூணு வாரம் கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ரூம் எடுத்துத் தங்கியிருந்தோம். தண்ணி கட்டறது, மாடு பாக்கறது எல்லாம் அப்பா தலையில விழுந்துருச்சு. பையனுக்கு என்னன்னு கேட்டவங்ககிட்ட, "சோறு உண்ணக் கத்துக் குடுக்கப் போறோம்"னு சொன்னேன். பாதிப் பேரு சிரிச்சாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால யாராச்சும் சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

சின்னவன் 30 வாரத்துலயே பொறந்துட்டான். எடை 1 கிலோ 200 கிராம். அவ்வளவு சீக்கிரம் பொறக்கற கொழந்தைக்கு உறிஞ்சறது, முழுங்கறது, மூச்சு விடறது மூணையும் சேத்துச் செய்ய வராது. அதனால மூக்கு வழியா வயித்துக்கு ஒரு சன்னமான ட்யூப் விட்டு அதுலதான் பால் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்த பிறகும் பல மாசம் அந்த ட்யூப் இருந்துச்சு. அவன் பொழைச்சதே அதனாலதான். ஆனா அத்தனை நாளும் அவன் மூஞ்சிகிட்ட வந்த கையெல்லாம் பிளாஸ்திரி ஒட்டவும், ட்யூப் மாத்தவும், சளி உறிஞ்சவும்தான் வந்துச்சு. வாய்கிட்ட எது வந்தாலும் வலிக்கும்னு அவனுக்குப் பதிஞ்சுபோச்சு.

ட்யூப்பை எடுத்த பிறகுதான் கூத்தே. கிண்ணத்தைப் பாத்தாலே தலையைத் திருப்பிக்குவான். சோத்து வாசனைக்கே ஓங்கரிப்பான். தூக்கக் கலக்கத்துல மட்டும் பால் குடிப்பான். ஒன்றரை வயசுல 8 கிலோகூட இல்லை. ஊர்ல ஆளுக்கொரு வைத்தியம் சொன்னாங்க. தொக்கம் எடுத்தோம், குடலேத்தம் தட்டினோம், திருஷ்டி சுத்திப் போட்டோம். ஒண்ணும் நடக்கலை. கடைசியில எங்கம்மா கையில எடுத்தது பாலாடை. காலை நீட்டி உக்காந்து, பையனை மடியில மல்லாத்திப் போட்டு, அழுது வாயைத் திறக்கறப்ப ஊத்தறது. கையை ஆட்டாம புடிச்சுக்கிட்டது நான். வீட்டுக்காரி அந்த நேரம் கொல்லைப்பக்கம் போயிருவா. "பெத்தவளுக்கு ஊட்டத் தெரியலை"ன்னு அம்மா சொல்லும்போதும் நான் வாயைத் திறக்கலை.

ஆஸ்பத்திரியில முதல்ல எக்ஸ்ரேல வச்சு அவன் முழுங்கறதைப் பாத்தாங்க. வழியில கோளாறு இல்லைன்னாங்க. அப்புறம் தெரபிஸ்ட் அம்மா, வீட்ல எப்படி ஊட்டறீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். திட்டலை. "அழற கொழந்தை மூச்சை உள்ளே இழுக்கும். அப்ப ஊத்தினா நுரையீரலுக்குப் போகும்"னு மட்டும் சொன்னாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மாட்டுக்கு மருந்து ஊத்தறப்ப தலையை ரொம்பத் தூக்கி, நாக்கை இழுத்துப் புடிச்சு ஊத்தினா புரையேறி, நெஞ்சுல சளி கட்டி மாடே செத்துரும். சின்ன வயசுலயே அப்பா சொல்லிக் குடுத்தது. மாட்டுக்குச் செய்யக் கூடாதுன்னு தெரிஞ்சதைப் பெத்த பையனுக்குச் செஞ்சுட்டு இருந்திருக்கேன்.

முதல் நாலு நாள் அவன் வாய்கிட்ட யாருமே போகலை. காலுக்குப் பலகை வச்ச நாற்காலி ஒண்ணுல உக்கார வச்சாங்க. கால் தொங்கினா உடம்பு நிலையா நிக்காதாம், முழுங்கறதும் செரமமாம். ஒரு தட்டுல ராகியைக் கொட்டிக் கையை விட்டு அளைய விட்டாங்க. அடுத்து ராகி மாவு, அப்புறம் பிசைஞ்ச மாவு, அப்புறம் தயிர். ஈரம் பட்டதும் வீல்னு கத்தி ஓங்கரிச்சான். அந்தம்மா தயிரைத் தள்ளி வச்சுட்டு மறுபடி காஞ்ச மாவுக்கே போயிட்டாங்க. ஒரு நாளைக்கு மூணு வேளை இப்படி. 20 நிமிசம் ஆச்சுன்னா சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் தட்டை எடுத்துருவாங்க. செல்போன் கூடாது, பூச்சாண்டி கூடாது, மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டே இருக்கக் கூடாது. நாங்க அவன் முன்னால உக்காந்து சாப்பிடணும். என்ன சாப்பாடு, எப்ப, எங்கங்கறது நம்ம வேலை. சாப்பிடறதா, எவ்வளவுங்கறது அவன் வேலை. இதைத் தினமும் சொன்னாங்க.

பசி எடுக்கணும்னு ராத்திரிப் பாலை டாக்டர் கணக்குப்படி கொஞ்சங்கொஞ்சமாக் குறைச்சாங்க. முதல் வாரக் கடைசியில எடை 100 கிராம் குறைஞ்சுருச்சு. அன்னைக்கு ராத்திரி, "ஊருக்குப் போயிரலாம், பாலாடையிலயே ஊத்திக்கலாம்"னு நான்தான் சொன்னேன். வீட்டுக்காரி என்னைப் பாத்து, "இன்னொரு தடவை அவன் கையைப் புடிச்சீங்கன்னா நான் எங்கப்பன் வீட்டுக்குப் போயிருவேன்"னா. கல்யாணமாகி ஏழு வருசத்துல அவ அப்படிப் பேசினதே இல்லை. நான் போய் ராத்திரி பூரா மொட்டைமாடியில உக்காந்திருந்தேன்.

ஒன்பதாம் நாள், தயிர் பட்ட விரலைத் தானே உதட்டுல வச்சான். முகத்தைச் சுளிச்சான். மறுபடி வச்சான். கைதட்டப் போன என்னை அந்தம்மா கண்ணாலயே அடக்கிட்டாங்க. பெருசு பண்ணினா அதுவும் ஒரு வற்புறுத்தல்தானாம். பதினாறாம் நாள், நாங்க கூழ் தொட்டுக் குடுத்த ஸ்பூனை அவனே புடிச்சு வாய்க்குக் கொண்டுபோனான். மூணு வாரம் முடியறப்ப வேளைக்கு அஞ்சாறு ஸ்பூன் ராகிக் கூழ். அவ்வளவுதான். அதுக்கு நாங்க பட்ட சந்தோசத்தை எந்த வெள்ளாமையிலயும் பட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாகிட்ட, அவனுக்கு யாரும் ஊட்டக் கூடாதுன்னேன். ஒரு வாரம் அம்மா எங்கூடப் பேசலை. ஒரு நாள் பொழுதோட திண்ணையில உக்காந்து களி உண்டுட்டு இருந்துச்சு. பையன் தத்தித் தத்திப் போய் பக்கத்துல நின்னான். அம்மா அவனைப் பாக்கவே இல்லை. தட்டை மட்டும் கொஞ்சம் அவன் பக்கம் நகத்துச்சு. அவன் ஒரு துளி களியைக் கிள்ளி வாயில போட்டுக்கிட்டான். அம்மா முந்தானையில கண்ணைத் தொடைச்சுட்டுத் திரும்ப உண்ண ஆரம்பிச்சுது.

இப்ப ரெண்டு வயசாச்சு. 9 கிலோ 300. இட்லி, களி, நசுக்கின வாழைப்பழம் உள்ளே போகுது. சோறு இன்னும் ஓங்கரிக்கறான். மாசம் ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தான் இருக்கோம்.

உங்க வீட்லயும் குறைமாசத்துல பொறந்து உண்ண மாட்டேங்கற கொழந்தை இருந்தா, அடம்னு முடிவு கட்டிராதீங்க. முதல்ல கொழந்தை டாக்டர்கிட்டக் காட்டுங்க. அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல மாவட்ட இடையீட்டு சேவை மையம்னு ஒண்ணு இருக்கு, அங்கயும் விசாரிங்க. பாலாடையை மட்டும் எடுத்து மேலே வச்சுருங்க. எங்க வீட்டுது இப்ப பரண்ல கெடக்குது.