மூடி வைத்த புக்கை

எங்கள் பக்கத்தில் பொங்கலைப் புக்கை என்றுதான் சொல்வோம். தை பிறக்கப் போகிறது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சுன்னாகத்துக்குக் கிட்ட இருந்த எமது வீட்டு முற்றம்தான்.

பொங்கலுக்கு இரண்டு நாட்களுக்கு முன்பே அம்மா சுன்னாகச் சந்தையில் புதுப்பானை வாங்கி விடுவா. விரலால் தட்டிப் பார்த்து, ஓசை சரியாக வந்த பானைக்குத்தான் காசு கொடுப்பா. முதல்நாள் பின்னேரம் முற்றத்தைக் கூட்டிச் சாணகத்தால் மெழுகுவோம். விடியற்காலை எழும்பி முழுகிவிட்டு வந்தால், அம்மா உலக்கையை நிலத்தில் கிடத்தி அதன் ஓரமாக அரிசிமாவை விட்டுக் கோடு இழுத்துக்கொண்டிருப்பா. நாலு பக்கமும் இழுத்து முடிய அது ஒரு பெட்டி போல வரும். கிழக்குப் பக்கம் மட்டும் வாசல் விடவேண்டும். சூரியன் வருகிற வழி அது. பிறகு நிறைகுடம், குத்துவிளக்கு, கரும்பு, மாவிலைத் தோரணம். பானையின் கழுத்தில் இஞ்சியும் மஞ்சளும் இலையோடு கட்டி, மூன்று கல் அடுப்பில் ஏற்றுவோம்.

பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்போம். பொங்கியதும் அண்ணாமார் வெடி கொளுத்துவார்கள். அப்பா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் அரிசியை அள்ளி, பானையை மூன்று தரம் சுற்றிப் போடுவார். அவருக்குப் பிறகுதான் நாங்கள். வருடம் முழுவதும் அடுப்படிப் பக்கம் வராத அப்பா முதல் அரிசி போட, வருடம் முழுவதும் அடுப்பெரித்த அம்மா அகப்பையுடன் பின்னால் நிற்பா. அதைப் பற்றி அப்போது எவரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

நாலு சுண்டு பச்சையரிசிக்கு ஒரு சுண்டு வறுத்த பயறு. இது அம்மாவின் கணக்கு. சர்க்கரையைக் கடைசியில்தான் போடவேண்டும், முந்திப் போட்டால் அரிசி அவியாது என்பா. தேங்காயின் முதற்பால், கசுக்கொட்டை, முந்திரிகை வற்றல், ஏலக்காய் எல்லாம் அதற்குப் பிறகு. இறக்கியதும் தலைவாழை இலையில் படைத்து, பழம் வைத்து, சூரியனைக் கும்பிட்டு விட்டு, அயலட்டை வீடுகளுக்குக் கொண்டு ஓடுவோம். அவர்கள் வீட்டுப் புக்கை எங்களுக்கு வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு உருசி. எங்களுடையதுதான் திறம் என்று ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைகளும் சொல்வார்கள்.

1995ஆம் ஆண்டு எனக்குக் கலியாணம் நடந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே வெளிக்கிட்டது. கொட்டும் மழையில் இரவிரவாக நடந்து தென்மராட்சிக்குப் போனோம். கலியாணம் கட்டிய பிறகு வந்த முதல் பொங்கலைக் கொடிகாமத்தில், முன்பின் தெரியாத ஒருவரின் வளவில், அலுமினியச் சட்டியில் பொங்கினோம். அங்கர் பால்மாவைக் கரைத்து விட்டோம். சர்க்கரைக்குப் பதிலாகப் பனங்கட்டி. அதில் என் கணவர் முதல் அரிசி போட்டார். கறுத்துப்போய் இருந்த அந்தப் புக்கை நல்ல உருசியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1996இல் கிளாலிக் கடலைக் கடந்து அவரது ஊரான வட்டக்கச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைகிற வயல், பட்டியில் மாடுகள், மாமி. அங்கேதான் பால்மா இல்லாமல் மறுபடியும் பொங்கினேன். பட்டிப்பொங்கலன்று அவர் மாடுகளைக் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, தன் கையால் புக்கை ஊட்டி விடுவார். மகள் 1998இலும் மகன் 2003இலும் பிறந்தார்கள்.

2009 தைப்பொங்கலுக்கு நாங்கள் விசுவமடுவில் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். வட்டக்கச்சி வயலில் நெல் வெட்டாமல் நின்றது. பங்கர் வாசலில் அடுப்பு மூட்டி, கொதித்த தண்ணீரில் அவர் ஒரு பிடி அரிசியைச் சுற்றிப் போட்டார். சர்க்கரை இல்லை. வெடிச்சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. அதுதான் அவர் போட்ட கடைசி அரிசி. மே மாத நடுப்பகுதியில் முள்ளிவாய்க்காலில், தண்ணீர் எடுத்துக்கொண்டு வாறன் என்று போனவர் திரும்பி வரவில்லை.

செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு 2010 நடுப்பகுதியில் வட்டக்கச்சிக்குத் திரும்பினோம். வீட்டில் சுவர் மட்டும் நின்றது. ஒரு மாடும் இல்லை.

செத்த வீடு என்றால் ஒரு கணக்கு உண்டு. ஆண்டுத்துவசம் முடியும்வரை கொண்டாட்டம் இல்லை, முடிந்த பிறகு பழையபடி பொங்கலாம். காணாமற்போனவரின் வீட்டுக்கு என்ன கணக்கு? அந்தியேட்டி செய்யவில்லை, செய்யவும் மனம் வராது. துடக்கும் இல்லை, நல்லநாளும் இல்லை. பொட்டு வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் இன்னொரு கதை. இதை வாசிக்கும் சகோதரிகளில் பலருக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"அவன் வரட்டும் பிள்ளை, வந்தாப்பிறகு பொங்குவம்" என்று மாமி சொன்னா. பெற்ற தாய் அப்படிச் சொல்லும்போது நான் என்ன சொல்ல? சித்திரை வருடப்பிறப்புக்குக் கோயிலில் வாங்கி வந்த மருத்துநீரை மட்டும் பிள்ளைகளின் தலையில் தடவி முழுக வார்ப்போம். கைவிசேடம் இல்லை. ஆடிப்பிறப்புக்குக் கூழ் இல்லை. தீபாவளிக்குப் புது உடுப்பும் இல்லை, அதற்குக் காசும் இல்லை.

2012 தைப்பொங்கலன்று காலை அயல் வீடுகளில் வெடி கேட்டது. மகன் உடனே நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டான். அக்காதான் சிரித்துக்கொண்டே அவனைத் தூக்கி விட்டாள். சிறிது நேரத்தில் அவனைக் காணவில்லை. தேடிப் போனபோது கிணற்றடிக்குப் பின்னால் குந்தியிருந்து, முன்வீட்டார் வாழையிலையில் சுற்றிக் கொடுத்த புக்கையை அவசரம் அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் இலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். எட்டு வயதுப் பிள்ளை, புக்கை சாப்பிடுவது களவு என்று நினைத்துக்கொண்டு நின்றான். எனக்குப் பின்னால் மாமியும் வந்து நின்றதை நான் பிறகுதான் கண்டேன். அவ ஒன்றும் பேசவில்லை. அன்று முழுவதும் பேசவில்லை.

அடுத்த ஆண்டு பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில் மாமி தனியாகப் பஸ் ஏறிக் கிளிநொச்சிச் சந்தைக்குப் போய்ப் புதுப்பானையுடன் வந்து இறங்கினா. "தட்டிப் பார் பிள்ளை, நல்ல பானை" என்று என்னிடம் தந்தா.

பால் பொங்கியதும் யார் அரிசி போடுவது என்ற கேள்வி வந்தது. உறவுக்காரப் பெண் ஒருத்தி, வீட்டு ஆம்பிளை என்று மகனைப் போடச் சொன்னா, இவள் போடுவது சரியில்லை என்றும் சொன்னா. மகனும் அரிசிச் சுளகைப் பார்த்தபடி நின்றான். மாமி அதை எடுத்து என் கையில் வைத்தா.

"நாலு வருசமாய் இந்த வீட்டு அடுப்பு எரியுறது ஆராலை? நீ போடு பிள்ளை."

என் கை நடுங்கியதில் பாதி அரிசி அடுப்புக்குள் விழுந்தது. பிறகு மகளும் மகனும் போட்டார்கள். விறகு ஈரம், புகையில் எல்லோருக்கும் கண்ணீர். அது புகையால்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டோம். என் அவசரத்தில் சர்க்கரையை முந்திப் போட்டுவிட்டேன், அரிசி அரைவாசிதான் அவிந்தது.

சூரியனுக்குப் படைத்த பிறகு மாமி ஒரு கிண்ணத்தில் புக்கையை அள்ளி, தட்டால் மூடி, குசினித் தட்டில் வைத்தா. சாமிப் படத்துக்கு முன்னால் வைக்கவில்லை. வயலுக்குப் போய்ப் பிந்தி வருகிறவருக்குச் சோறு மூடி வைப்போமே, அப்படித்தான் வைத்தா. பொழுதுபட்ட பிறகு, தேங்காய்ப்பால் விட்டது பழுதாகிப் போகும் என்று சொல்லிப் பேரப்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்தா.

மாமி 2018இல் கண்ணை மூடும்வரை ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தக் கிண்ணம் இருந்தது. அவவுடைய ஆண்டுத்துவசம் முடிந்து வந்த பொங்கலுக்கு அதை நான் எடுத்து வைத்தேன்.

மகள் இப்போது கலியாணம் முடித்து வவுனியாவில் இருக்கிறாள். இந்த ஆண்டு பொங்கலன்று விடிய ஐந்து மணிக்குத் தொலைபேசியில் எடுத்து, "அம்மா, நாலு சுண்டு அரிசிக்குப் பயறு எவ்வளவு?" என்று கேட்டாள். சொன்னேன். சர்க்கரையைக் கடைசியில் போடச் சொன்னேன். வைக்கப் போனவள், "அப்பான்ரை கிண்ணம் மறந்திடாதேங்கோ" என்றாள்.

கழுவிக் கவிழ்த்து வைச்சிருக்கிறன் என்று சொல்லிவிட்டு அடுப்பை மூட்டப் போனேன்.