மாப்பிள்ளைக்கு ஒரு காட்டுக்கோழி

எங்கள் மாமாவின் குறி தப்பாது என்று கணியம்பாடியில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டவரே மாமாதான் என்று அத்தை சொல்லுவாள். இரண்டிலும் உண்மை உண்டு. நான் அறிய, பறந்து போகிற கௌதாரியை அவர் அநாயாசமாகச் சுட்டு வீழ்த்தியிருக்கிறார். அதை மறுநாள் நாலு பேரிடம் சொல்லாமல் இருந்ததும் இல்லை.

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகத் திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது கணியம்பாடி. அந்தக் காலத்தில் காட்பாடி – விழுப்புரம் மீட்டர்கேஜ் ரயில் நின்று, மூச்சு வாங்கிவிட்டுப் போகும். ஊரிலிருந்து மேற்கே திரும்பினால் ஜவ்வாது மலையின் அடிவாரம்; அமிர்திக் காடு; நாகநதி. 1967இல் அமிர்தியில் விலங்கியல் பூங்கா ஏற்பட்டுவிட்டது. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கி, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மயிலைப் பார்க்கிறார்கள். நான் சொல்லப் போவது அதற்கு ஐந்து வருஷம் முந்தின கதை. 1962ஆம் வருஷத்துப் பொங்கல்.

வேட்டையைப் பற்றி எழுதுகிறானே என்று முகம் சுளிக்க வேண்டாம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. காட்டுக்கோழிச் சேவலின் கழுத்தில் மெழுகு சொட்டியதுபோல மஞ்சள் புள்ளி வைத்த இறகுகள் இருக்கும். சீமையில் மீன் பிடிக்கிற துரைமார்கள் அந்த இறகை நூலில் சுற்றிப் பொய்ப் பூச்சி செய்து தூண்டிலில் மாட்டுவார்களாம். அதற்காகவே நம் காட்டுச் சேவல்கள் எத்தனையோ கப்பல் ஏறியிருக்கின்றன. கழுத்தழகு கழுத்துக்கே வினையாக முடிந்தது. ஆனால் 1962இல் லைசென்சு உள்ளவர் தோளில் துப்பாக்கியோடு தெருவில் நடந்தால், எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். மாமாவுக்கு அந்த ஒதுங்கல் மிகவும் பிடிக்கும்.

மாமாவுக்கு ஆவாரம்பட்டை வியாபாரம். அந்தப் பக்கத்துக் கொல்லைமேட்டிலெல்லாம் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கிறதே, அதே ஆவாரைதான். அதன் பட்டையை உரித்துக் காயவைத்து, மூட்டை கட்டி, வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டில் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு அனுப்புவார். அந்தப் பட்டைத் தண்ணீரில் ஊறிய தோல்தான் ஒரு காலத்தில் லண்டன் சந்தைவரை பெயர் எடுத்தது. பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வர ஆரம்பித்தது. சீக்கிரம் ஊறும், சாரம் அதிகம் என்று முதலாளிகள் அதன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மாமாவின் மாட்டு வண்டிகள் நாலு இரண்டாகி, இரண்டு ஒன்றாயிற்று. துப்பாக்கி மட்டும் மிஞ்சியது. பன்னிரண்டு போர், இரட்டைக் குழல். அப்புறம் பிரின்சு.

பிரின்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். வேலூரிலிருந்து தாய்நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டர் மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போன லாப்ரடார் நாய் அது. கறுப்பு நிறம், துடைப்பக்கட்டை கணத்துக்கு வால். 'ரிட்ரீவர்' என்ற இனம். நம் பக்கத்து வேட்டை நாய் முயலைத் துரத்தும், பிடிக்கும், கடித்துக் கொல்லும். இந்த ஜாதி அப்படியல்ல. வெடிச் சத்தம் கேட்கும்வரை எஜமானரின் காலடியில் சந்நியாசிபோல உட்கார்ந்திருக்கும். சுட்டு விழுந்த பிறகு ஓடிப்போய், விழுந்ததைத் தேடி எடுத்து, பல் படாமல் வாயில் கவ்விக்கொண்டு வந்து எஜமானர் கையில் கொடுக்கும். கோழி முட்டையைக் கவ்வினாலும் உடையாது. அத்தை ஒரு தடவை பரீட்சை செய்தே பார்த்தாள். இந்த ஜாதிக்குப் பூர்வீகம் கனடாவுக்குப் பக்கத்துக் குளிர்க் கடல். அங்கே மீனவர்களுக்கு வலை இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நாய்களின் வம்சம். நாகநதியில் முழங்கால் தண்ணீரைக் கண்டாலும் அதற்கு வருகிற ஆனந்தத்தைப் பார்க்கவேண்டுமே!

வேலையை முடிக்காமல் திரும்புவது என்பது பிரின்சுக்குத் தெரியாது. அதுதான் வம்பாகப் போயிற்று.

மாமாவுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நான் அவர் வீட்டில் தங்கிப் படித்துக் கொண்டிருந்தேன், பதினோரு வயது. பேப்பரைக் கையில் கொடுத்து, "எங்கே, உன் உச்சரிப்பைப் பார்க்கலாம், படிடா" என்பார். பட்டைக் கணக்கையும் என்னைத்தான் எழுதச் சொன்னார், கையெழுத்துத் திருந்துவதற்காக! அத்தைக்கு எல்லாம் தெரியும். நெற்றிக்கு நேரே திருநீற்றுத் தட்டை நீட்டுகிறவளுக்கா தெரியாது? அவளும் சொல்லவில்லை. முதலில் புரிந்துகொண்டது பிரின்சு என்றுதான் நினைக்கிறேன். முந்தின புரட்டாசியில் ஒரு நாள் மாமா இரண்டு வெடி வெடித்தார். ஒன்றும் விழவில்லை. பிரின்சு வானத்தைப் பார்த்தது. பிறகு மாமாவைப் பார்த்தது. மாமா அதன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பொங்கல் மாமா மகளுக்குத் தலைப் பொங்கல். மாப்பிள்ளை சென்னையில் குமாஸ்தா. ஒல்லியாய், கண்ணாடி போட்டுக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவார். மாப்பிள்ளைக்கு மோதிரம் போடவேண்டும் என்று அத்தை ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாட்டில் பட்டை அந்த மோதிரத்தைத் தின்றுவிட்டது. வேட்டியும் சட்டையும் எடுத்துக் கொடுத்தோம். மாமாவுக்கு மனம் ஆறவில்லை. "மாப்பிள்ளை, காணும் பொங்கலுக்கு அமிர்திப் பக்கம் போறோம். நம்ம கையால அடிச்ச காட்டுக்கோழி சாப்பிடாம நீங்க பட்டணம் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அத்தை அடுப்பங்கரையில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

விடியற்காலம் மூன்று மணிக்குக் கூண்டு வண்டி கட்டியாயிற்று. மாமா, அத்தை, என் அம்மா, அக்கா, மாப்பிள்ளை, நான், பிரின்சு. அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டு வந்தது. தை மாதத்துப் பனி. சீரகச் சம்பா அரிசி, அம்மியில் அரைத்த மசாலா, இரண்டு தேங்காய், பித்தளை அண்டா எல்லாம் வண்டியில் இருந்தன. அரிசி மூட்டைக்கு அடியில் அத்தை ஒரு சின்னப் பொட்டலத்தை ஒளித்து வைத்ததை நான் பார்த்துவிட்டேன். அதில் கத்தரிக்காயும் கருவாடும் இருந்தன. தலைப் பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளைக்குக் கருவாட்டுக் குழம்பு!

மாமா ரிசர்வ் காட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார். அதன் ஓரத்துப் புதர்களும், அறுவடையான கொல்லைகளும்தான் அவருடைய எல்லை. நன்றாக வெளுப்பதற்கு முன்பே கௌதாரி கூப்பிட ஆரம்பித்துவிட்டது. வடக்கே அதற்குத் 'தீத்தர்' என்று பெயர். அதன் குரலைக் கேட்டால் பெயர் எங்கிருந்து வந்தது என்பது தெரியும். பெண்கள் ஆற்றோரத்தில் கல் கூட்டி அடுப்பு வைக்க, நாங்கள் மூவரும் பிரின்சோடு கிளம்பினோம். பை தூக்குகிற உத்தியோகம் எனக்கு.

கௌதாரி லேசில் பறக்காது, ஓடும். ஓடி ஓடி, இனி ஓட இடமில்லை என்கிறபோது, காலடியில் பட்டாசு வெடித்தாற்போல விர்ரென்று கிளம்பும். ஏழெட்டு கிளம்பின. மாமா இரண்டு குழலையும் காலி செய்தார். வேலமரத்து இலைதான் கொஞ்சம் உதிர்ந்தது. பிரின்சு ஓடிப்போய் மோந்துவிட்டு வெறும் வாயோடு வந்தது.

"தோட்டா நமுத்துப் போச்சு" என்றார் மாமா.

"பனி ஜாஸ்தி மாமா" என்றார் மாப்பிள்ளை.

இப்படியே இன்னும் இரண்டு தடவை. எட்டு மணிக்கு வெயில் ஏறிவிட்டது. மாமாவின் முகத்தில் வேர்வை. அவர் சத்தம் வருகிற திசையைத்தான் சுடுகிறார், பறவையைச் சுடவில்லை என்று எனக்குப் பட்டது. அப்போது ஒரு காட்டுக்கோழிச் சேவல் புதரிலிருந்து வெளிப்பட்டு, எங்களுக்கு முப்பது அடி முன்னால், சாம்பல் உடம்பும் தீக்கொழுந்துக் கொண்டையுமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு குறுக்கே ஓடிற்று. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். மாமா சுட்டார். சேவல் எழும்பிப் பறந்து, சரிவுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. ஓர் இறகுகூட விழவில்லை.

"விழுந்திருக்கும்" என்றார் மாமா. "பிரின்சு, போ!"

பிரின்சு போயிற்று. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், வரவில்லை. மாமா ஒரு பாறையில் உட்கார்ந்து துப்பாக்கியை முழங்காலில் வைத்துக்கொண்டு துடைத்தார். மாப்பிள்ளை தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குத் துடைக்க ஒன்றும் இல்லை.

கால் மணி கழித்துச் சரிவில் கறுப்புத் தலை தெரிந்தது. வாயில் ஒரு கோழி! வாலை வீசிக்கொண்டு நேரே மாமாவின் முன்னால் வந்து உட்கார்ந்தது. மாமா கையை நீட்டி வாங்கினார். அவருடைய விரல்கள் கோழியின் மார்பைத் தடவின, இறக்கையைத் தடவின, காலுக்கு இறங்கின. அங்கே கொஞ்ச நேரம் நின்றன. கனம் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"பெட்டை" என்றார். "பையில் போடுடா."

வாங்கினேன். காட்டுக்கோழிப் பெட்டைக்கு மார்பில் வெள்ளையும் கறுப்புமாகச் செதில் செதிலாக இருக்கும். இது சாட்சாத் செவலை நாட்டுக்கோழி. உடம்பில் ஒரு காயம் இல்லை. கண்ணைச் சிமிட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. வலது காலில் ஒரு சிவப்புக் கயிறு. யாருடைய கோழி என்று அடையாளம் தெரியக் கிராமத்தில் கட்டி வைப்பார்களே, அதேதான். என் வயிற்றில் என்னவோ செய்தது. திரும்பி நின்று கயிற்றை அவிழ்த்து டவுசர்ப் பையில் போட்டுக்கொண்டேன். நிமிர்ந்தால் மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போகும் வழியில் பைக்குள்ளிருந்து "கொக்" என்று ஒரு சத்தம்.

"உயிர் இருக்கு. இறக்கையில்தான் பட்டிருக்கு" என்றார் மாமா.

"ஆமாம் மாமா" என்றார் மாப்பிள்ளை.

அத்தை பையைத் திறந்து பார்த்தாள். ஒரு கணம்தான். "நல்ல கோழியா இருக்கே! காட்டுக்கோழி வேக நேரமாகும், கட்டையைத் தள்ளுடி" என்று அக்காவிடம் உரக்கச் சொன்னாள். அரை மணியில் வெந்துவிட்டது. அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே, "என்ன இருந்தாலும் காட்டு வாசனை தனிதான் அண்ணா" என்றாள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம். கொண்டு வந்ததை இன்னது என்று மறைக்காதது பிரின்சு ஒன்றுதான்.

இலை போடுகிற சமயம். சரிவுக்கு அந்தப் பக்கமிருந்து, "பா... பா... பா..." என்று ஒரு கிழவியின் குரல் கேட்டது. கோழியைக் கூப்பிடுகிற குரல். எல்லோருக்கும் கேட்டது. அத்தையின் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. மாமா தலையைக் குனிந்துகொண்டு பிரின்சின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை செம்பை எடுத்துக்கொண்டு, "தண்ணி மொண்டுகிட்டு வரேன்" என்று எழுந்தார். நானும் பின்னால் போனேன்.

கிழவி கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். "சாமி, சேப்புக் கவுறு கட்டின பொட்டக் கோயி ஒண்ணு இந்தப் பக்கமா வந்துச்சா? முட்ட வைக்கிற கோயி, சாமி."

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து மூன்று ஒற்றை ரூபாய் நோட்டுகளை எடுத்து அவள் கையில் வைத்தார். "மன்னிச்சுக்குங்க ஆயா" என்றார். அவ்வளவுதான். கிழவி புகை வருகிற திசையைப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள், நோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பிப் போனாள்.

"தம்பி, அந்த ஆயா வழி கேட்டாங்க. என்ன?"

"ஆமா மாமா, வழி கேட்டாங்க" என்றேன். அந்த நிமிஷத்திலிருந்து அவரை எனக்குப் பிடித்துவிட்டது. அந்த வருஷம் சித்திரையில் மாமாவை எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்வித்ததும் அவர்தான். தடிக் கண்ணாடியோடு மாமா திரும்பி வந்து பார்த்தபோது, துப்பாக்கி லைசென்சின் கெடு முடிந்திருந்தது. அதைப் புதுப்பிக்க அவர் போகவில்லை.

அன்று சாயங்காலம் திரும்பும்போது வண்டிக்குள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மாப்பிள்ளை இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டிருந்தார். நானும் மாமாவும் வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிரின்சு வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தது. நன்றாக இருட்டிவிட்டது.

"டேய்" என்றார் மாமா மெதுவாக. "அந்தக் கயிறு எங்கே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விரலில் சுற்றிக்கொண்டார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றிக்கொண்டார்.

"மாப்பிள்ளை எவ்வளவு கொடுத்தார்?"

"மூணு ரூபாய்."

"மூணா? ஒரு கோழிக்கா?" அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். பிறகு, "முட்டை வைக்கிற கோழியாடா அது?" என்று கேட்டார்.

"ஆமாம், அந்த ஆயா சொன்னாங்க."

"அப்படின்னா மூணு ரூபாய் பத்தாது."

அடுத்த சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் மறுபடி அமிர்திப் பக்கம் போனோம். கூடையில் இரண்டு பெட்டைக் கோழிகளை வைத்துத் துணியால் மூடி எடுத்துக்கொண்டோம். துப்பாக்கியை எடுத்துக்கொள்ளவில்லை. பிரின்சையும் வீட்டில் கட்டிப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினோம்.