கடலில் ஏது சாலை?

சிட்லபாக்கத்துவாசிகளுக்குக் கடல் ஒரு தூரத்து உறவினர் மாதிரி. பக்கத்திலேதான் இருக்கிறார், ஆனாலும் வருஷத்துக்கு இரண்டு முறைக்கு மேல் போய்ப் பார்ப்பதில்லை. தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த இந்த ஊரில் நமக்குத் தெரிந்த நீர்ப்பரப்பு ஏரி ஒன்றுதான். ஆனால் கிழக்கே மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஏறக்குறைய பத்து மைல் சென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்துவிடும், அதற்கப்பால் அலைதான்.

நாம் கடலைத் தேடிப் போகாவிட்டாலும், கடலோடிகள் நம்மைத் தேடி வந்தது உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும் அதன் தென்புறத்து ஊர்களும் மூழ்கிக் கிடந்தபோது, மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வீதிகளில் அவற்றை மிதக்கவிட்டு, மாடிகளில் தவித்த ஜனங்களைக் கரை சேர்த்தார்கள். அந்தப் படகுகளில் எரிந்த எண்ணெய் யாருடைய காசில் வாங்கியது, அதற்கு என்ன வரி கட்டினார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

இப்போது நாம் அதைக் கேட்க நேர்ந்ததற்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே காரணம். வகுப்பில் வரிகளைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் எழுந்து, "ஸார், புதுச்சேரியிலே பெட்ரோல் விலை குறைச்சலாமே? அது வேறே தேசமா?" என்று கேட்டான். கேள்வி சிறியது, பதிலோ வழி நெடுக இறைந்து கிடக்கிறது. விடுமுறை நாளொன்றில் சக உபாத்தியாயர் இருவருடன் அதைப் பொறுக்கி வரப் புறப்பட்டோம்.

முதலில் நின்ற இடம் முட்டுக்காடு. கடல்நீர் உள்ளே புகுந்து விசாலமாகப் பரந்து கிடக்கும் இந்தக் கழியில், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984 முதல் படகுத் துறை நடத்தி வருகிறது. துடுப்புப் படகு, காலால் மிதிக்கும் படகு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சீறிப் பாயும் மோட்டார் படகு எல்லாம் உண்டு. குழந்தைகள் கூச்சலிட, தாய்மார்கள் ஒரு கையால் புடவைத் தலைப்பையும் மறு கையால் படகின் விளிம்பையும் பற்றிக்கொண்டு போகிறார்கள். சந்தோஷத்துக்காக எரிகிற எண்ணெய் இது. இதற்குச் சர்க்கார் எந்தச் சலுகையும் காட்டுவதில்லை. சந்தோஷப்படுகிறவன் அதற்கு உரிய விலையைக் கொடுக்கட்டும் என்பதே சட்டத்தின் கருத்து. அது நியாயந்தான்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் கோவளம். இங்கேயும் படகுகள்தாம், ஆனால் காட்சி முற்றிலும் வேறு. மணலில் வரிசையாக இழுத்துவிட்ட பைபர் படகுகள், வலையைச் செப்பனிடும் கைகள், கருவாட்டு மணம். வலையருகே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க சார், மீனுக்கா, படத்துக்கா?" என்றார். படம் பிடிக்க வருகிறவர்களே அதிகம் போலும்!

"இரண்டுக்கும் இல்லை, ஐயா, எண்ணெய்க்கு" என்றோம்.

பெரியவர் சிரித்துவிட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "பிடிச்சதை வித்த பணத்திலே முதல்லே எண்ணெய்க் காசை எடுத்து வைப்போம். அப்புறம் ஐஸ், சாப்பாடு. மிச்சம் இருந்தாத்தான் பங்கு. வலையிலே ஒண்ணும் விழாத நாளும் உண்டு சார். எண்ணெய் எரியாத நாள் கிடையாது."

பொருளாதாரப் புஸ்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுவதும் சொல்லும் விஷயத்தை அவர் நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார். விளைச்சல் இல்லாத வருஷத்தில் நிலத்து விவசாயிக்குச் செலவையாவது ஓரளவு குறைத்துக்கொள்ள வழி உண்டு. கடல் விவசாயிக்கு அது இல்லை. வெறும் கையோடு திரும்பி வருவதற்கும் அதே எண்ணெய்தான் வேண்டும்.

இதை உணர்ந்துதான் தமிழ்நாட்டுச் சர்க்கார் மீன்பிடி படகுகளின் டீஸலுக்கு மாநில விற்பனை வரியிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. அதற்கும் அளவு உண்டு. வருஷத்துக்கு விசைப்படகு ஒன்றுக்கு 18,000 லிட்டர், இயந்திரம் பொருத்திய நாட்டுப் படகு ஒன்றுக்கு 4,000 லிட்டர் என்று இருந்ததை, 19,000 லிட்டராகவும் 4,400 லிட்டராகவும் உயர்த்துவதாக 2023-ல் அறிவித்தார்கள். கணக்கு வாத்தியார் நம்மோடு வந்திருந்தபடியால் மணலிலேயே வகுத்துப் பார்த்தார். நாட்டுப் படகுக்கு நாளொன்றுக்கு 12 லிட்டர் வருகிறது. விசைப்படகுக்கோ, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைக் கழித்துவிட்டால், நாளொன்றுக்குச் சுமார் 62 லிட்டர். அதற்கு மேல் வேண்டுமானால் ஊரார் கொடுக்கும் விலைதான்.

ஆக, எண்ணெய் ஒன்றே. படகு எதற்குப் போகிறது என்பதைப் பார்த்து வரி மாறுகிறது. படகின் விலையிலும் இதே வித்தியாசந்தான். மீன்பிடிக் கப்பலுக்குச் சரக்கு சேவை வரி 5 சதவிகிதம். உல்லாசப் படகுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவிகிதம். பாய் விரித்து ஓடும் படகாக இருந்தால் வாங்கும்போது வரி கட்டுவதோடு சரி. அப்புறம் காற்றுக்கு வரி போடும் வித்தையை எந்தச் சர்க்காரும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை!

நம் தேசத்துக்கு மட்டும் உரிய சங்கதி அன்று இது. சமுத்திரங்களுக்கு அப்பாலும் இதே வழக்கு நடக்கிறது. நம் வீடுகளில் ரேஷன் மண்ணெண்ணெய் நீல நிறமாக இருக்குமே, நினைவிருக்கிறதா? சலுகை எண்ணெய் வேறு இடத்துக்குப் போய்விடாதபடி போட்ட அடையாளச் சாயம் அது. இங்கிலாந்தில் சலுகை டீஸலுக்குச் சிவப்புச் சாயம் போடுகிறார்கள். அங்கே உல்லாசப் படகுக்காரர்களும் இந்தச் சிவப்பு எண்ணெயை வாங்கலாம். ஆனால் படகை ஓட்டுவதற்கு எவ்வளவு, படகுக்குள் குளிர் காய்வதற்கு எவ்வளவு என்று தாமே சொல்லி, ஓட்டும் பங்குக்கு முழு வரி கட்டவேண்டும். இப்படி 2008-லிருந்து நடக்கிறது.

இந்த ஏற்பாட்டோடு அவர்கள் கால்வாயைக் கடந்து பெல்ஜியம் போனபோதுதான் வந்தது வினை. அங்குள்ள சுங்க அதிகாரிகள் எண்ணெய்த் தொட்டியைச் சோதித்து, உல்லாசப் படகில் சிவப்புச் சாயம் இருக்கலாகாது என்று அபராதம் விதித்தார்கள். சொந்த ஊரில் ஒழுங்காக வரி கட்டிய மனிதர் அயலூரில் குற்றவாளியானார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரையில் போயிற்று. பிரிட்டன் செய்வது தவறு என்று 2018-ல் தீர்ப்பாயிற்று. 2021-ல் வட அயர்லாந்தில் மட்டும் உல்லாசப் படகுகளை ஓட்டச் சிவப்பு எண்ணெய் கூடாதென்று விதி செய்தார்கள். மற்றப் பகுதிகளில் பழைய வழக்கமே தொடர்ந்தது. ஒரே ராஜ்யம், ஒரே கொடி, இரண்டு விதி!

ஐரோப்பிய யூனியனின் 2003-ம் வருஷத்துச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. வியாபாரக் கப்பலுக்கும் மீன்பிடி படகுக்கும் எரிபொருள் தீர்வை கிடையாது. தனியார் உல்லாசப் படகுக்கு அந்த விலக்கு இல்லை. யூனியனுக்கு வெளியிலிருந்து வருகிற பிரயாணி தன் வாகனத்தின் சொந்தத் தொட்டியில் இருப்பதற்குமேல் டப்பாவில் 10 லிட்டர் வரையில் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். அதற்கு மேல் போனால் அவன் பிரயாணி அல்ல, வியாபாரி என்று கணக்கு. இதனால்தான் தீர்வை குறைந்த ஜிப்ரால்டரைக் கடக்கும் படகுக்காரர்கள் அங்கே தொட்டியை வழிய வழிய நிரப்பிக்கொள்கிறார்கள்.

நாமும் ஒரு ஜிப்ரால்டரை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தோம். மாமல்லபுரத்தையும் கல்பாக்கத்தையும் கடந்து மரக்காணத்தை நெருங்கினால், சாலையோரம் கண்ணாடித் துண்டுகள் பதித்தாற்போல் உப்பளங்கள் மின்னுகின்றன. உப்பைக் கண்டதும் 1930-ம் வருஷம் ஞாபகம் வராத தமிழர் உண்டா? திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் நடந்தது எதற்காக? ஒரு சிட்டிகை உப்புக்காகவா? கோடீசுவரனிடமும் கூலிக்காரனிடமும் ஒரே அளவில் கையை நீட்டிய ஒரு வரி அநியாயமானது என்று சொல்வதற்காக. 1947-ல் அந்த வரி ஒழிந்தது. வரி போடும்போது அது யார் முதுகில் விழுகிறது என்று பார்க்கவேண்டும் என்னும் பாடத்தை நமக்குக் கற்றுக் கொடுத்தது அந்த உப்புத்தான்.

மரக்காணத்துக்குத் தெற்கே போனால் எல்லைக் கோடு கண்ணாமூச்சி ஆடுகிறது. காலாப்பட்டு புதுச்சேரியைச் சேர்ந்தது. அதைத் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. கோட்டக்குப்பம் வரையில் தமிழ்நாடுதான். அப்புறம் மீண்டும் புதுச்சேரி. எங்கே எது என்று அறிய எளிய வழி, பெட்ரோல் பங்க்குகளில் விலைப் பலகையைப் பார்ப்பதுதான்.

ஒரு காலத்தில் இந்தக் கோடு விளையாட்டாக இருக்கவில்லை. 1908-ல் பாரதியார் இங்கே அடைக்கலம் புகுந்து பத்து வருஷம் இருந்தபோது, அந்நிய ஆட்சிக்கும் அந்நிய ஆட்சிக்கும் நடுவே கிழித்த கோடாக அது இருந்தது. 1941-ல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் சுங்க உடன்படிக்கை செய்துகொண்டன. 1949-ல் அது முடிவுக்கு வந்து, எல்லையில் மூட்டைகளை அவிழ்த்துப் பார்க்கும் சோதனை கடுமையாயிற்று. 1954 நவம்பர் 1-ம் தேதி ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-ல் அது சட்டப்படி பூர்த்தியாயிற்று. சுங்கச் சாவடிகள் போயின. வேறு தேசம் என்ற பேச்சும் போயிற்று.

பின்னே விலை மாத்திரம் ஏன் வேறு? 2017 ஜூலை 1-ம் தேதி தேசம் முழுவதற்கும் சரக்கு சேவை வரி வந்தபோது பெட்ரோலும் டீஸலும் அதற்குள் சேரவில்லை. மத்திய சர்க்காரின் தீர்வை எங்கும் ஒன்றுதான். அதன்மேல் ஒவ்வொரு மாநிலமும் யூனியன் பிரதேசமும் தத்தம் விற்பனை வரியை வைத்துக்கொள்கின்றன. புதுச்சேரி குறைவாக வைக்கிறது. ஆகையால் அங்கே விலை குறைவு. கேரளத்தின் நடுவே இருக்கும் மாஹேயிலும் இதே கதைதான். வண்டியின் தொட்டியை அங்கே நிரப்பிக்கொண்டு வருவது குற்றமன்று. பீப்பாய்களில் அடைத்து விற்பனைக்குக் கடத்தி வருவதுதான் குற்றம்.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அந்தப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோவளத்துப் பெரியவர் விடை கொடுக்கும் சமயத்தில் கேட்ட ஒரு கேள்வி நம் காதில் மறுபடியும் ஒலித்தது. "மாநில வரி இல்லேன்னுட்டாங்க, சரி. டெல்லி வரியிலே ரோடு போடறதுக்குன்னு ஒரு பங்கு இருக்காமே. கடல்லே ஏது சார் ரோடு?"

அவர் கேட்டது உண்மை. 2018-ம் வருஷத்து நிதிச் சட்டம் பெட்ரோல், டீஸல்மீது சாலை மற்றும் கட்டமைப்பு மேல்வரி ஒன்றை விதித்தது. மீனவருக்கு உள்ள விலக்கு மாநில வரிக்கு மட்டுமே. மத்தியத் தீர்வையை அவர்களும் கட்டுகிறார்கள். சாலையில் சக்கரம் உருட்டுகிறவன் சாலைக்குப் பணம் தருவது முறை. சாலையே இல்லாத இடத்தில் வலை வீசுகிறவனும் அதே பணத்தைத் தரவேண்டுமா? இந்த மேல்வரியிலிருந்து தங்களுக்கு விலக்கு வேண்டும் என்று மீனவர் சங்கங்கள் கேட்பதில் தர்க்கப் பிழை ஒன்றும் நமக்குத் தென்படவில்லை.

படகின் நோக்கத்தைப் பார்த்து வரி விதிப்பது என்ற கொள்கையை நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டோம். மாநிலம் ஒப்புக்கொண்டது, சரக்கு சேவை வரியில் 5-க்கும் 40-க்கும் வித்தியாசம் வைத்துத் தேசமும் ஒப்புக்கொண்டது. எண்ணெய்த் தீர்வையில் மட்டும் அந்தக் கொள்கை பாதி வழியில் நின்றுவிட்டது. மீதிப் பாதியையும் நடந்து முடிப்பதே முறை. அதனால் குறையும் வருமானத்தை எங்கே ஈடு செய்வது என்று கேட்கலாம். விடுமுறைக்கு முட்டுக்காட்டில் மோட்டார் படகு ஏறுகிற நம்மைப் போன்ற குடும்பங்கள் ஒரு ரூபாய் கூடக் கொடுத்தால் முழுகிவிட மாட்டோம். கரையில் வலையை மடித்து வைத்துவிட்டு, நாளைக்கு எண்ணெய்க்கு என்ன செய்வதென்று யோசிக்கிற வீட்டில் அதே ஒரு ரூபாய்க்கு வேறு எடை.