டாரஸ் என்று பெயர் வைத்தது யார்?

இன்றைக்குக் கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் கதை. பதிவு நீளம்தான். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

குடும்பக் குழுவில் என் தங்கை பேத்தி ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "பேப்பர்ல அடிக்கடி 'டாரஸ் லாரி'ன்னு போடறாங்களே பாட்டி, படத்துல பார்த்தா வண்டி முன்னாடி வேற கம்பெனி பேர் இருக்கே?"

நல்ல கேள்வி. டாரஸ் என்பது அசோக் லேலண்ட் கம்பெனி தன்னுடைய பல அச்சு லாரிக்கு வைத்த பெயர். லத்தீனில் காளை என்று பொருள். பின்பக்கம் இரட்டை அச்சோடு அந்த வண்டி நம் ஊர்ச் சாலைகளில் பழகிப்போன பிறகு, அதே அமைப்பில் எந்தக் கம்பெனி லாரி வந்தாலும் நம் ஜனங்களுக்கு அது டாரஸ்தான். நகல் எடுப்பதையெல்லாம் ஜெராக்ஸ் என்கிறோமே, அதே கதை. கம்பெனி ஒரு வண்டிக்குப் பெயர் வைத்தது. ஜனங்கள் அதை எடுத்து ஓர் அச்சு அமைப்புக்கு வைத்துவிட்டார்கள்.

இந்த லேலண்ட் குடும்பமே ஒரு மிருகக்காட்சி சாலை. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, எண்ணூரில் தொழிற்சாலை கண்டு, 1955-ல் இங்கிலாந்தின் லேலண்டோடு கைகோத்து அசோக் லேலண்ட் ஆனது. அந்த இங்கிலாந்துக் கம்பெனிக்கு லாரிகளுக்கு மிருகப் பெயர் வைப்பது வழக்கம். இரண்டு அச்சு வண்டி பீவர், அதாவது நீரெலி. மூன்று அச்சு வண்டி ஹிப்போ, நீர்யானை. நான்கு அச்சு வண்டி ஆக்டோபஸ். முன்னால் இரண்டு அச்சும் திரும்ப, பின்னால் ஒரே அச்சு இருந்த ஒரு வண்டிக்கு ஸ்டீர் என்று பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு எருது என்றும் பொருள், வண்டியைத் திருப்புவது என்றும் பொருள். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! நம் ஊருக்கு வந்ததும் ஹிப்போ தொடர்ந்தது. டஸ்கர் என்று கொம்பன் யானையும் சேர்ந்துகொண்டது.

ஸ்டீர் போன்ற வண்டிகளை இங்கிலாந்து டிரைவர்கள் கம்பெனிப் பெயரால் கூப்பிடவில்லை. 'சைனீஸ் சிக்ஸ்' என்றார்கள். மூன்று அச்சு வண்டி என்றால் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்பது வழக்கம். இது தலைகீழாக இருந்ததால், தங்களுக்கு விநோதமாகப் பட்டதற்கு ஒரு தூர தேசத்துப் பெயரை ஒட்டிவிட்டார்கள் என்பார்கள். சீனாவுக்கும் அந்த லாரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்தப் பெயரில் உள்ள 'ஆறு' என்ற எண்ணைக் கவனியுங்கள். அவர்கள் ஓர் அச்சுக்கு இரண்டு சக்கரம் என்று எண்ணுவார்கள். பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டு டயர் இருந்தாலும் அது ஒரு சக்கரம்தான். அதனால் நான்கு அச்சு வண்டிக்கு எட்டுக் கால், ஆக்டோபஸ். நாம் டயரை எண்ணுகிறோம். நம்முடைய ஆறு சக்கர லாரிக்கு இரண்டே அச்சு: முன்னால் 2 டயர், பின்னால் 4. பத்துச் சக்கரம் என்றால் 2+4+4, மூன்று அச்சு. பன்னிரண்டு சக்கரம் என்றால் 2+2+4+4, நான்கு அச்சு. டயருக்குக் காசு கொடுப்பவன் டயரைத்தானே எண்ணுவான்!

அரசாங்கமோ அச்சைத்தான் எண்ணும், ஏனென்றால் சாலையை அழுத்துவது அச்சு. நெடுநாள் இருந்த கணக்கு இது: இரண்டு டயர் முன் அச்சுக்கு 6 டன், நான்கு டயர் பின் அச்சுக்கு 10.2 டன். ஆக ஆறு சக்கர லாரியின் மொத்த எடை, வண்டியும் சரக்கும் சேர்ந்து, 16.2 டன். பின்னால் இரட்டை அச்சு என்றால் 20.4 டன் என்றுதானே சொல்வீர்கள்? இல்லை, 19 டன்தான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அச்சும் ஏறக்குறைய ஒரே இடத்தைச் சேர்ந்து அழுத்துவதால் சலுகை குறைவு. ஆகவே பத்துச் சக்கரம் 6+19=25 டன், பன்னிரண்டு சக்கரம் 6+6+19=31 டன். 2018-ல் இந்த வரம்புகளை மத்திய அரசு உயர்த்திவிட்டது. ஆனாலும் டாடா வண்டிகளில் இருந்த 1613, 2518, 3118 என்ற எண்களில் பழைய கணக்கு அப்படியே நிற்கிறது. முதல் இரண்டு இலக்கம் டன்; கடைசி இரண்டைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய குதிரைத்திறன்.

இனி நம் மலைக்கு வருவோம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். கேத்தி கேரட்டும் எஸ்டேட் தேயிலையும் இந்த வழியில் பெரும்பாலும் ஆறு சக்கர லாரிகளில்தான் இறங்குகின்றன. என் அப்பாவும் இப்படி மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கு லோடு ஓட்டியவர்தான். "ஒத்த ஆக்ஸில் வண்டி சொன்ன பேச்சு கேக்கும்மா, டபுள் ஆக்ஸில் வளைவுல முரண்டு பிடிக்கும்" என்பார். கணக்கு டீச்சரான பிறகு அந்த வாக்கியத்துக்குள் இருந்த வடிவியல் எனக்குப் பிடிபட்டது.

வண்டி திரும்பும்போது ஒவ்வொரு சக்கரமும் ஒரு வட்டத்தில் போகிறது. எல்லா வட்டங்களுக்கும் மையம் ஒன்றாக இருந்தால் டயர் உரசாமல் உருளும். அதாவது அச்சுகளின் கோடுகளை நீட்டினால் எல்லாம் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். பின்னால் இரண்டு அச்சு இணையாக நிற்கிறது. இணைகோடுகள் சந்திக்குமா? ஒன்பதாம் வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சந்திக்காது. ஆகவே வளைவில் பின் டயர்கள் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபட்டே ஆகவேண்டும். வளைவு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு இழுபடும். டயர் தேயும், ஸ்டியரிங் எதிர்க்கும். டபுள் ஆக்ஸிலின் முரண்டு இதுதான்.

இதே மலையில் ஏறும் ரயிலையும் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த எக்ஸ் வகை நீராவி இன்ஜினுக்கு ஒன்றோடொன்று பிணைத்த நான்கு அச்சு, பின்னால் சுமை தாங்க இன்னோர் அச்சு. ரயில் உலகிலும் அச்சு அமைப்புக்குச் செல்லப்பெயர்கள் உண்டு: பசிபிக், மிகாடோ என்று. நம் இன்ஜினின் அமைப்புக்கு அப்படிப் புகழ்பெற்ற பெயர் ஏதும் இல்லை. ஏறக்குறைய 12 அடி போனால் 1 அடி ஏறும் அந்தப் பாதையில், தண்டவாள நடுவே உள்ள பற்களைப் பிடித்து ஏற்றும் சக்கரத்தைப் பார்த்து, நம் ஆட்கள் 'பல் சக்கர ரயில்' என்றார்கள். வேலை செய்யும் உறுப்பே பெயராகிவிட்டது.

இப்போது இதை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு நம் பள்ளிப் பழைய மாணவர் சந்திப்பில் ஒவ்வொருவரும் எழுந்து என்ன செய்கிறோம் என்று சொன்னீர்கள். ஒரு தம்பி கடைசி வரிசையிலிருந்து, "நான் சும்மா லாரி டிரைவர்தான் டீச்சர்" என்று சொல்லி உடனே உட்கார்ந்துவிட்டான். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு என்ன வண்டி என்று கேட்டேன். பன்னிரண்டு சக்கரம், சிமென்ட் லோடு என்றான். முன்னால் இரண்டு அச்சு எப்படித் திரும்பும் என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"ரெண்டும் ஒரே மாதிரி திரும்பாது டீச்சர். முதல் அச்சு நல்லாத் திரும்பும், ரெண்டாவது கொஞ்சம் கம்மியாத் திரும்பும். ஒரே அளவு திரும்புனா டயரைத் தின்னுடும்" என்றான். இலையில் இரண்டு அப்பளத்தை வைத்துக் கோணம் காட்டினான். இரண்டாவது அச்சு பின்பக்கத்துக்கு அருகில் இருப்பதால் அதே மையத்தை நோக்கக் குறைந்த கோணம் போதும். நான் கரும்பலகையில் ஒரு பாடவேளை எடுத்துக்கொள்வதை அவன் ரசம் வருவதற்குள் சொல்லி முடித்தான்.

அந்த 'சும்மா', அந்த 'தான்' இரண்டையும் அவன் எடுத்துவிட வேண்டும் என்பதே என் ஆசை. முப்பது டன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு, சந்திக்காத கோடுகளை நாளெல்லாம் சமாளிக்கிறவன் 'சும்மா' ஆள் இல்லை. டாரஸ், டபுள் ஆக்ஸில் என்று பெயர்களை ஊருக்குப் பழக்கியதே அவனைப் போன்றவர்கள்தான். ஒரு பொருளோடு நாள்பூராவும் மல்லுக்கட்டுகிறவனுக்கே அதற்குப் பெயர் வைக்கும் உரிமை.

லாரி, பஸ், டிரெய்லர் ஓட்டும் என் பிள்ளைகளே, உங்கள் வண்டிக்கு உங்கள் செட்டில் என்ன பெயர் என்று கீழே எழுதுங்கள். ஏன் அந்தப் பெயர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கார் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி எதிர்ப்பக்கம் வரை அகலமாக எடுத்துத் திரும்பினால் அதைத் திமிர் என்று நினைத்து ஹாரன் அடிக்காதீர்கள். அந்த அச்சுகளுக்கு அவ்வளவு இடம் தேவை. நாலு கெஜம் தள்ளி நிறுத்தி, அவர் திரும்பி முடிக்கும் வரை பொறுங்கள். மலையில் மேலே ஏறி வருகிற வண்டிக்கே முதல் வழி என்பதையும் மறக்காதீர்கள்.